வெள்ளாவியும் விசைப்பொறியும்

வரலாறு என்றால் வாளேந்திய மன்னர்களின் கதை என்றே நமக்குக் கற்பிக்கப்பட்டது. எந்த மன்னன் எந்த நாட்டின்மீது படையெடுத்தான், எத்தனை யானைகளைக் கைப்பற்றினான், எந்தக் கோயிலுக்கு எத்தனை விளக்குகள் வழங்கினான் என்றெல்லாம் மனப்பாடம் செய்தோம். போர்க்களத்திலிருந்து திரும்பிய அந்த மன்னனின் ஆடையில் குருதிக்கறை இருந்திருக்கும். அதை வெளுத்தவர் யார்? எந்தத் துறையில் வெளுத்தார்? எதைக்கொண்டு வெளுத்தார்? என்ன கூலி பெற்றார்? இந்தக் கேள்விகளைக் கேட்க எந்தப் பாடநூலும் நமக்குக் கற்றுத் தரவில்லை.

"துணி வெளுப்பதற்குமா ஒரு வரலாறு?" என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். உண்பதற்கும் உடுப்பதற்கும் வரலாறு உண்டென்றால், உடுத்தியதை வெளுப்பதற்கும் வரலாறு உண்டு. அழுக்கை உண்டாக்குகிறவர் ஒருவர், அதை அகற்றுகிறவர் வேறொருவர் என்று மனிதரை இரு கூறாகப் பிரித்த வரலாறு அது. அதைப் படிக்காமல் சாதியின் வரலாற்றையோ, பெண்ணடிமையின் வரலாற்றையோ நாம் முழுமையாகப் படித்தவர்கள் ஆகமாட்டோம்.

இன்று இரண்டு குரல்கள் நம் காதில் விழுகின்றன. "அந்தக் காலத்து வெள்ளாவி வெளுப்புக்கு ஈடாகுமா? துணியும் கெடாது, நீரும் கெடாது, ஊரும் ஒற்றுமையாக இருந்தது" என்கிறது ஒரு குரல். "சலவைப்பொறி வந்துவிட்டது, பொத்தானை அழுத்தினால் போதும், வண்ணாருக்கும் விடுதலை, வீட்டுப் பெண்ணுக்கும் விடுதலை" என்கிறது மற்றொரு குரல். முதற்குரலில் பேசுவது பழமைப் போதை. இரண்டாவது குரலில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையோ சில வேளைகளில் முழுப் பொய்யைவிட நன்றாக ஏமாற்றும். இரண்டையும் உரைத்துப் பார்ப்போம்.

களர்க் கிணறும் கஞ்சிப் பசையும்

சங்கப் பாடல்களில் ஆடை வெளுக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். அவளுக்குப் புலைத்தி என்று பெயர். குறுந்தொகையின் 330ஆம் பாட்டு, அவள் துணியைக் கஞ்சிப் பசையில் தோய்ப்பதையும், அடித்துத் துவைப்பதையும், குளிர்ந்த குளத்தில் இட்ட அத்துணி முறுக்கு அவிழாமல் கிடப்பதையும் பகன்றைப் பூவுக்கு உவமையாக்குகிறது. நற்றிணையின் 90ஆம் பாட்டில், விழா நடக்கும் ஊரில், உடை கேட்டு வருவோர் தொகை பெருகியதால் கை ஓயாமல் இரவிலும் துணி தோய்க்கிறாள். புறநானூற்றின் 311ஆம் பாட்டோ, களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் அவள் நாள்தோறும் ஆடையைத் தூய வெண்மையாக்குவதைச் சொல்கிறது.

இந்தக் கடைசிச் செய்தி எண்ணிப் பார்க்கத்தக்கது. நல்ல நீர் ஓடும் ஆறு இருக்க, களர் நிலத்தில் ஏன் கிணறு தோண்டினார்கள்? களர் மண்ணில் உப்பும் காரமும் உண்டு. காரநீர் எண்ணெய்ப் பசையையும் வியர்வைப் பசையையும் பிரித்தெடுக்கும். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண்ணின் கை அந்த வேதியியலை அறிந்திருந்தது. ஏட்டில் எழுதி அறிந்ததன்று. செய்து செய்து அறிந்தது.

ஆனால், அவள் பெயர் என்ன? தெரியாது. புலவருக்கு அவள் உவமைக்குப் பயன்பட்டாள். தலைவனுக்கு ஆடைக்குப் பயன்பட்டாள். அவளைக் குறித்த சொல்லும் பிழைக்கவில்லை. 'புலை' என்ற சொல்லைப் பிற்காலம் இழிவு என்று பொருளாக்கி வசையாக்கிவிட்டது. அழுக்கு ஒருவருடையது, இழிவு அதைக் கழுவியவருக்கு!

அறிவைக் கொண்டார், அறிந்தவரைத் தள்ளினார்

மனுதர்மம் என்ற நூலை நம் தோழர்கள் பல கோணங்களில் படித்திருப்பார்கள். சலவைக் கோணத்தில் ஒருமுறை படிக்க வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தில் துணிகளைத் தூய்மை செய்யும் முறைகள் வருகின்றன. பட்டுக்கும் கம்பளிக்கும் உவர்மண், ஒருவகைக் கம்பளத்துக்குப் பூந்திக்கொட்டை, மெல்லிய பட்டாடைக்கு வில்வக்காய், சணல்நார்த் துணிக்கு வெண்கடுகு என்று பட்டியல் நீள்கிறது. இந்த அறிவு எங்கிருந்து வந்தது? வேள்விக் குண்டத்தில் பிறந்ததா? ஆற்றங்கரையில் முழங்கால் நீரில் நின்றவர்களிடமிருந்து வந்தது. எட்டாம் அத்தியாயம், வண்ணார் வழவழப்பான இலவமரப் பலகையில் மெதுவாகத் துவைக்க வேண்டும், ஒருவர் துணியில் மற்றவர் துணியைக் கட்டித் தூக்கக்கூடாது என்று அவருக்குக் கட்டளையும் இடுகிறது.

அதே நூலின் நான்காம் அத்தியாயம் என்ன சொல்கிறது? உணவு ஏற்கத் தகாதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் துணி வெளுப்பவரைச் சேர்க்கிறது! அவர் வெளுத்த ஆடை உடம்பில் படலாம். அவர் கொடுத்த உணவு வாயில் படக்கூடாது. அவருடைய அறிவு வேண்டும், அவர் வேண்டாம். இதைவிடத் தெளிவாகச் சாதியின் கணக்கை வேறு எவரும் எழுதி வைக்கவில்லை.

தமிழ் மன்னர்கள் மட்டும் வேறுவிதமாக நடந்தார்கள் என்று நாம் பெருமைப்பட வழியில்லை. சோழர் காலச் சாசனங்களின் வரிப்பட்டியலில் 'வண்ணாரப்பாறை' என்று ஒரு வரி வருகிறது. துணி துவைக்கும் கல்லுக்கு வரி! அதே காலத்துக் கல்வெட்டுகளில் 'வண்ணாரச்சேரி' என்ற தனிக் குடியிருப்பும் வருகிறது. கல்லுக்கு வரி வாங்க அரண்மனைக்கு வழி தெரிந்தது. கல்லில் துவைத்தவருக்கு ஊருக்குள் குடியிருக்க இடம் தெரியவில்லை.

"நாயன்மார் அறுபத்துமூவரில் வண்ணாரும் ஒருவர் அல்லவா? திருக்குறிப்புத்தொண்டரை மறந்தீரோ?" என்று பக்தர்கள் கேட்பார்கள். மறக்கவில்லை. காஞ்சிபுரத்துச் சலவைத் தொழிலாளி அவர். கடவுள் தவசி வேடத்தில் அழுக்குக் கந்தையோடு வந்து, மாலைக்குள் வெளுத்துத் தரச் சொன்னாராம். மழை பிடித்துக்கொண்டது, துணி உலரவில்லை. சொன்ன சொல் தவறியதே என்று அவர் தம் தலையைத் துவைகல்லில் மோதிக்கொண்டாராம். கல்லிலிருந்து ஒரு கை வந்து தடுத்ததாம். சேக்கிழாரின் பெரிய புராணம் கூறும் கதை இது.

கதையைக் கதையாகவே எடுத்துக்கொண்டு கேட்போம். மழையால் துணி உலராமற் போனால் தலையை உடைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு தொழிலாளியின் நெஞ்சில் அச்சத்தை வைத்தது யார்? மழையைப் பெய்வித்தவர் கடவுளென்றால், குற்றம் தொழிலாளியுடையதா, கடவுளுடையதா? கோயில் சுற்றில் அவருக்குச் சிலை வைத்தவர்கள், ஊர்த்தெருவில் அவர் மரபினருக்கு எந்த இடம் வைத்தார்கள்? சிலைக்கு மாலை; மனிதருக்குப் புறக்கடை வாசல். பக்தியின் சமத்துவம் கல்லோடு நின்றுவிட்டது.

வெள்ளாவியின் விஞ்ஞானம்

வெள்ளாவி என்பது என்ன? இன்றைய இளைஞர் பலர் அதைக் கண்டதில்லை. அழுக்குத் துணிகளை உவர்மண் கரைத்த நீரில் நனைத்துப் பிழிவார்கள். அடுப்பின்மேல் நீர் நிரம்பிய பானைகளை வைத்து, அவற்றின் மீது துணிகளைச் சுற்றிச் சுற்றிக் கோபுரம்போல் அடுக்குவார்கள். இரவெல்லாம் தீ எரியும். பானையிலிருந்து எழும் ஆவி அடுக்கின் உள்ளே புகுந்து மேலேறும். விடிந்ததும் மூட்டைகள் கழுதைமேல் ஏறி ஆற்றுக்குப் போகும். கல்லில் அடித்து, அலசி, பிழிந்து, மணலிலும் புல்லிலும் விரித்துக் காயப்போடுவார்கள். பிறகு நீலம், பிறகு கஞ்சி, பிறகு கரி நெருப்பிட்ட இஸ்திரிப் பெட்டி.

இதன் ஒவ்வொரு படியிலும் விஞ்ஞானம் இருக்கிறது. உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட். இன்று கடையில் வாங்கும் சலவைச் சோடாவும் அதுவே. சூடும் காரமும் சேர்ந்தால் துணியிலுள்ள கொழுப்பின் ஒரு பகுதி சோப்பாகவே மாறும். ஆவியின் வெப்பம் பேனையும் நோய்க் கிருமிகளையும் கொல்லும். ஈரத்துணியின்மேல் விழும் வெயில் கறையின் நிறத்தைச் சிதைக்கும். நீலமோ துணியை வெளுப்பதில்லை. நம் கண்ணை ஏமாற்றுகிறது. பழந்துணியின் மங்கிய மஞ்சளை மெல்லிய நீலம் ஈடுசெய்வதால் அது நமக்கு வெண்மையாகத் தோன்றுகிறது. இன்றைய சலவைத்தூளில் கலக்கப்படும் ஒளிர்பொருள்கள் செய்வதும் அத்தகைய வேலைதான்: கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகின்றன.

குறியிடும் கலையும் உண்டு. நூறு வீட்டுத் துணிகள் ஒரே வெள்ளாவியில் வேகும். ஆனால், ஒன்றுகூட மாறாது. சேங்கொட்டையின் பாலால் துணி ஓரத்தில் இட்ட குறி எந்தக் காரத்திலும் அழியாது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் தமக்கென ஆக்கிக்கொண்ட எழுத்து அது. அந்தப் பால் தோலில் பட்டால் புண்ணாகும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிலிருந்த அயல்நாட்டுச் சிப்பாய்களுக்குக் கழுத்தருகே தோல் அழற்சி கண்டபோது, காரணம் சலவைக்குறியே என்று மருத்துவர்கள் கண்டறிந்து எழுதினார்கள். சிப்பாயின் கழுத்துக்கு மருத்துவம் வந்தது. அந்தப் பாலை ஆயுளெல்லாம் கையாண்ட விரல்களைப்பற்றிக் கவலைப்பட்டவர் எவர்?

ஆகவே, வெள்ளாவியைப் புகழ்கிறவர்களுக்கு நம் விடை இதுதான்: புகழுங்கள், அதற்கு முன் அதைக் கண்டவரைப் புகழுங்கள். இத்தனை அறிவுக்கும் உழைப்புக்கும் ஊர் கொடுத்த கூலி என்ன? அறுவடைக் களத்தில் அளந்து போட்ட சில படி தானியம். அந்தியில் வீட்டுக்கு வீடு நின்று வாங்கிய பழஞ்சோறு. பூப்பு வீட்டிலும், பிள்ளை பெற்ற வீட்டிலும், சாவு வீட்டிலும் 'தீட்டு' என்று மற்றவர் தொட மறுத்த துணியை அவர்கள் தொட வேண்டும். நரைத்த தலையுடைய முதியவரை ஊர்ச் சிறுவன் "டேய்" என்று அழைப்பான். போதாததற்கு ஒரு பழமொழி: "வண்ணானுக்கு வண்ணாத்தி மேல் ஆசை, வண்ணாத்திக்குக் கழுதை மேல் ஆசை." ஊரின் ஒற்றுமை இப்படித்தான் இருந்தது!

பகலுக்கு உரிமையற்றவர்கள்

படிக்கட்டின் கீழே இன்னொரு படியும் இருந்தது. சாதி இந்துக்களின் துணியை வெளுத்த வண்ணார், தாழ்த்தப்பட்டோரின் துணியைத் தொடமாட்டார். அவர்களுக்கு வெளுக்க மற்றொரு பிரிவினர்: புதிரை வண்ணார். திருநெல்வேலி மாவட்டத்தில் இவர்களைப் பார்ப்பதே தீட்டு என்று வைத்திருந்தார்கள். பகலில் வெளியே வரக்கூடாது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே துணி துவைத்துக்கொள்ள வேண்டும். 1932 டிசம்பர் 24ஆம் நாள் இந்து ஆங்கில நாளிதழ் இச்செய்தியை வெளியிட்டது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் தம் அறிக்கையில் இதைப் பதிவு செய்தார். அம்பேத்கர் எடுத்துக்காட்டி உலகுக்குச் சொன்னார். தீண்டாமை தெரியும், அண்டாமை தெரியும். காணாமை என்று ஒன்றும் நம் மண்ணில் இருந்தது. வெயிலில் உலர்த்த வேண்டிய துணியை வெளுப்பவருக்கு வெயிலே மறுக்கப்பட்டது.

வெள்ளைத் துணி உடுத்துவதும் எளிதாகக் கிடைத்த உரிமையன்று. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது. சட்டையோ பனியனோ அணியக்கூடாது. பெண்கள் இரவிக்கையோ தாவணியோ அணியக்கூடாது என்பவை அவற்றுள் சில. உடுத்துவதற்கே தடை! அதை மீறுகிற குடும்பத்தை ஒதுக்க ஊருக்குத் தெரிந்த பழைய ஆயுதம், வண்ணாரையும் நாவிதரையும் அந்த வீட்டுக்குப் போகவிடாமல் தடுப்பது. ஒடுக்கப்பட்டவரைக் கொண்டே ஒடுக்கப்பட்டவரைத் தண்டிக்கும் தந்திரம் அது.

இந்தப் பின்னணியை அறிந்தால்தான் அரசமைப்புச் சட்டத்தின் ஒரு சிறு சொல் நமக்கு விளங்கும். 15ஆவது பிரிவு, கடைகளிலும் கிணறுகளிலும் குளங்களிலும் குளியல் துறைகளிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்கிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கடை என்பதில் சலவையகமும் முடிதிருத்தகமும் அடங்குமா என்ற கேள்வி எழுந்தது. கடை என்பது நாடி வருவோர்க்குத் தம் சேவையை அளிக்க ஒருவர் முன்வரும் எந்த இடத்தையும் குறிக்கும் என்று அம்பேத்கர் விளக்கினார். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், கடை என்பதற்கு இலக்கணம் கூறும் இடத்திலேயே சலவையகத்தையும் முடிதிருத்தகத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஒரு சட்டை வெளுக்கப்படுவதற்குச் சட்டம் தேவைப்பட்ட நாடு இது!

சட்டம் வந்தது; சாதி சாகவில்லை. இமையம் 1994இல் வெளியிட்ட 'கோவேறு கழுதைகள்' புதினத்தின் நாயகி ஆரோக்கியம், மதம் மாறிய புதிரை வண்ணார்ப் பெண். ஞானஸ்நானம் பெற்ற பின்னும் அவள் தலையில் அதே மூட்டை. கையில் அதே சோற்றுப்பானை. மதம் மாறலாம், மூட்டை மாறாது என்பதற்கு அப்புதினம் சான்று. 2009இல்தான் தமிழ்நாட்டில் புதிரை வண்ணாருக்கென நலவாரியம் அமைந்தது. வண்ணார் நிலையும் விந்தையே. கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் அவர்கள் பட்டியலினத்தவர். அந்த எல்லையைத் தாண்டினால் மிகப் பிற்படுத்தப்பட்டோர். கல் ஒன்று, காரம் ஒன்று, வியர்வை ஒன்று. எல்லைக்கோடு மட்டும் வேறு.

மேல்நாட்டின் மூன்று பாடங்கள்

மேல்நாட்டில் மட்டும் துணி தானாக வெளுத்ததா? இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு வரை அங்கும் காரச்சாம்பல் நீரில் ஊறவைத்து, புளித்த மோரில் தோய்த்து, புல்வெளியில் மாதக்கணக்கில் விரித்துத்தான் புதுத்துணியை வெளுத்தார்கள். 1774இல் சுவீடனில் ஷீலே குளோரின் வாயுவைக் கண்டார். 1785இல் பிரான்சின் பெர்த்தோலே அது நிறத்தை அகற்றும் என்று காட்டினார். 1799இல் ஸ்காத்லாந்தின் டென்னன்ட் சலவைத்தூளுக்குக் காப்புரிமை பெற்றார். மாதங்கள் நாட்களாயின. 1791இல் லெப்லாங் சாதாரண உப்பிலிருந்து சோடா எடுக்கும் வழியைக் கண்டார். வேதியியல் நடந்த பாதை இது. மக்கள் நடந்த பாதையில் நாம் மூன்று பாடங்கள் கற்கலாம்.

முதற்பாடம் லிவர்ப்பூல் நகரத்தில். 1832இல் அங்கே காலரா பரவியது. கிட்டி வில்கின்சன் என்ற ஏழைத் தொழிலாளிப் பெண்ணின் வீட்டில் ஒரு கொதிகலன் இருந்தது. நோயாளிகளின் துணிகளையும் படுக்கைகளையும் அதில் கொதிக்க வைத்துத் துவைத்துக்கொள்ள அண்டை வீட்டாரை அழைத்தார். சலவைச் சுண்ணாம்பைக் கிருமிநீக்கியாகப் பயன்படுத்தினார். காலராக் கிருமியைக் காக் கண்டறிந்தது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின், 1880களில். காரணம் தெரியாத காலத்திலும் அந்தப் பெண் கொதிநீரை நம்பினார். அதே நோய் வந்தபோது நம் ஊர்களில் கூழ் ஊற்றினோம், கரகம் எடுத்தோம், ஆடு வெட்டினோம். அவர் முயற்சியின் விளைவாக 1842இல் லிவர்ப்பூலில் பொதுச் சலவைக்கூடம் திறக்கப்பட்டது. 1846இல் குளியலறைகளும் சலவைக்கூடங்களும் அமைப்பதற்கெனப் பாராளுமன்றம் சட்டமே இயற்றியது. சலவை பொதுநலப் பணி என்று ஒரு நாடு ஒப்புக்கொண்டது.

இரண்டாம் பாடம் அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில். அடிமை முறை ஒழிந்து 16 ஆண்டுகளே ஆன 1881 ஜூலையில், 20 கறுப்பினச் சலவைப் பெண்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். 12 பவுண்டு எடையுள்ள துணிக்கு ஒரு டாலர் கூலி கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மூன்றே வாரங்களில் சங்கத்தில் 3000 பேர்! கைது செய்தார்கள், அபராதம் விதித்தார்கள். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று நகரசபை மிரட்டியது. பெண்கள் அஞ்சவில்லை. "கட்டணம் செலுத்தத் தயார், நகரத்தின் சலவை முழுவதும் எங்கள் கையில் இருக்கட்டும்" என்ற கருத்தில் நகரத் தலைவருக்கு மடல் எழுதினார்கள். நகரசபை கட்டணத்தைக் கைவிட்டது. எழுத்தறிவோ செல்வமோ அவர்களுக்கு அரணாக இருக்கவில்லை. தங்கள் கை நின்றால் நகரம் நாறும் என்ற உண்மையே அவர்களுக்கு அரண்.

மூன்றாம் பாடம் அயர்லாந்தில். மணமாகாமல் தாயான பெண்களையும் ஏழைச் சிறுமிகளையும் 'மக்தலேன் சலவைக்கூடம்' என்ற பெயரில் கன்னிமாடங்களில் அடைத்து, கூலியின்றித் துணி வெளுக்க வைத்தார்கள். பாவத்தைக் கழுவுகிறார்களாம்! 1993இல் டப்ளின் நகரில் அப்படிப்பட்ட ஒரு மாடத்தின் நிலம் விற்கப்பட்டபோது, 155 பெண்களின் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. கடைசிக் கூடம் மூடப்பட்டது 1996இல். அரசு மன்னிப்புக் கோரியது 2013இல். தீட்டு என்றாலும் பாவம் என்றாலும், மதம் வகுத்த அழுக்கின் சுமை ஏழையின் தோளில், அதிலும் பெண்ணின் தோளில்தான் விழுகிறது.

சவுக்காரமும் நுரையும்

1884இல் லீவர் என்னும் ஆங்கில முதலாளி சன்லைட் சோப்பை விற்கத் தொடங்கினார். தொழிலாளருக்கு அழகிய குடியிருப்பு கட்டியவர் என்று அவரைப் போற்றுவோர் உண்டு. சோப்புக்கு எண்ணெய் வேண்டுமே? 1911இல் பெல்ஜிய அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு காங்கோவின் பனைக்காடுகளில் அவர் நிறுவனம் நுழைந்தது. அங்கே எண்ணெய்ப்பனைக் குலைகளை வெட்டிய உழைப்பில் கட்டாய உழைப்பு கலந்திருந்ததை வரலாற்றாசிரியர்கள் நிறுவியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் வெள்ளைச் சட்டையில் காங்கோவின் வியர்வை கலந்திருந்தது.

பிறகு சோப்பின் இடத்தைச் செயற்கைச் சலவைத்தூள் பிடித்தது. அமெரிக்காவில் 1946இல் டைடு. இந்தியாவில் 1959இல் சர்ஃப். 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் தொடங்கிய நிர்மா. குறைந்த விலையில் வந்த நிர்மா, செல்வர் வீட்டுத் தூளை எளியவர் வீட்டுக்கும் கொண்டுவந்தது. அது ஒரு நன்மையே, மறுக்க மாட்டோம். ஆனால், சலவைத்தூளின் கழிவு ஆற்றையும் ஏரியையும் சேர்கிறது. அதிலுள்ள பாஸ்பேட் பாசியை வளர்த்து நீரின் உயிர்வளியைக் குடிக்கிறது. 2019 இறுதியில் சென்னை மெரினாக் கடற்கரையில் பனிமலைபோல் நுரை திரண்டதை நாடே பார்த்தது. அந்த நுரையில் விளையாடிய குழந்தைகளுக்கு, அது கழிவுநீரின் நுரை என்பது தெரியாது.

பொறியின் வரலாறும் நீண்டதுதான். 1767இல் ஜெர்மனியில் ஷேஃபர் என்பவர் துணி துவைக்கும் பொறி பற்றி நூல் வெளியிட்டார். 1937இல் பெண்டிக்ஸ் நிறுவனம் துவைத்து அலசிப் பிழியும் தானியங்கிப் பொறியை அமெரிக்க வீடுகளுக்கு விற்றது. இன்று நம் சிற்றூர்களிலும் அப்பொறி சுழல்கிறது. அது சுழலத் தொடங்கியபோது துறைகள் வெறுமையாயின. சென்னை வண்ணாரப்பேட்டை, கும்பெனியார் கப்பலேற்றிய துணிகளை வெளுத்த மக்கள் வாழ்ந்ததால் பெயர் பெற்ற ஊர். 2019இல் அங்கே மெட்ரோ இரயில் நிலையம் திறக்கப்பட்டது. பெயர் பலகையில் நிற்கிறது. பெயருக்குரியவர்கள் நிற்க நிழல் எங்கே? தொழில் போனது நல்லதுதான். பிறப்பால் சுமத்தப்பட்ட தொழில் ஒழிவதை வரவேற்பவர்கள் நாம். ஆனால், நிலமும் இல்லை, படிப்பும் இல்லை, தொழிலும் போயிற்று என்று ஒரு மக்கட்கூட்டத்தைத் தெருவில் விட்டால், அதற்கு விடுதலை என்று பெயரில்லை. கைகழுவுதல் என்று பெயர்.

பொறி யாரை விடுவித்தது?

வீட்டுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். பொறி அவள் முதுகெலும்பைக் காப்பாற்றியது உண்மை. கிணற்றிலிருந்து நீர் இறைத்து, குந்தியமர்ந்து, கசக்கி, ஈரப் போர்வையைப் பிழிந்த அந்தக் கொடிய உழைப்பைப் பொறி குறைத்தது. பெண்களின் கைகளைப் பார்த்தவர் எவரும் பொறியைப் பழிக்கமாட்டார்.

ஆனால், அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் கோவன் 1983இல், அன்னைக்கு மேலும் வேலை என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். பொறி வருமுன் சலவைப் பெண்ணுக்கோ சலவையகத்துக்கோ போன துணி, பொறி வந்தபின் இல்லத்தரசியின் தலையில் விழுந்தது. வாரத்துக்கு ஒருமுறை மாற்றிய சட்டையை நாள்தோறும் மாற்றத் தொடங்கினார்கள். உழைப்பின் கடுமை குறைந்தது, வேலையின் அளவு பெருகியது என்று அவர் காட்டினார். நம் நாட்டிலும் நடந்தது அதுவே. வண்ணார் தலையிலிருந்து இறங்கிய மூட்டை வீட்டுப் பெண்ணின் இடுப்பில் ஏறியது. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கு இதை எண்ணிச் சொல்கிறது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் ஒரு நாளில் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடம். ஆணுக்கு 97 நிமிடம். அந்த ஆண்களும் நூற்றுக்கு 26 பேரே. பெண்கள் நூற்றுக்கு 81 பேர். பொறிக்குச் சாதியும் இல்லை, பாலினமும் இல்லை. ஆணின் விரல் பட்டாலும் அந்தப் பொத்தான் இயங்கும். பின் ஏன் பெண்ணின் விரலே அதைத் தேடிப் போகிறது? பழக்கமா? இல்லை. வருணதர்மம் ஆற்றங்கரையிலிருந்து வீட்டின் பின்கட்டுக்கு இடம் மாறியிருக்கிறது.

தோழர்களே! மேடையில் நின்று சமத்துவம் முழங்கும் நம் சட்டை வெள்ளை வெளேரென்று இருக்கிறது. மடிப்பு கலையாத வேட்டி பளபளக்கிறது. அதை நேற்றிரவு துவைத்தவர் யார்? காலையில் தேய்த்தவர் யார்? அம்மாவா, தமக்கையா, மனைவியா, தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் பெரியவரா? அவர்களில் எத்தனை பேர் நம் கூட்டத்தின் நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத வெண்மை, நீலம் போட்ட வெண்மை. கண்ணை ஏமாற்றும் வெண்மை.

நாம் செய்ய வேண்டியவை அரிய செயல்கள் அல்ல. இளைஞர் ஒவ்வொருவரும் தம் துணியைத் தாமே துவைத்துக்கொள்ளலாம். பொறி இருந்தால் பொறியில், இல்லையென்றால் கல்லில். தெருமுனைத் தொழிலாளியை மரியாதைச் சொல்லால் அழைக்கலாம். பழஞ்சோறும் பழந்துணியும் தராமல் உரிய கூலியைப் பணமாகத் தரலாம். சாதிச் சான்றிதழுக்காக அலுவலக வாயில்களில் அலையும் புதிரை வண்ணார் குடும்பத்தோடு துணைக்குச் செல்லலாம். லிவர்ப்பூல் 1842இல் திறந்ததுபோல், பொறிகள் பொருத்திய பொதுச் சலவைக்கூடங்களை ஏழைகள் குடியிருக்கும் இடங்களில் அமைக்கும்படி ஊராட்சியையும் நகராட்சியையும் கேட்கலாம். அவற்றை நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தில், அந்தத் தொழிலறிவை வழிவழியாகக் காத்த மக்கள் விரும்பினால் உரிமையாளர்களாக அமரட்டும். வேறு தொழில் விரும்பினால் கல்லூரிக் கதவு அவர்களுக்கு அகலத் திறக்கட்டும்.

வெள்ளாவியைக் கண்ட அறிவு மனித அறிவு. விசைப்பொறியைக் கண்ட அறிவும் மனித அறிவு. இரண்டுக்கும் இடையே நின்று, துவைப்பவர் வேறு உடுப்பவர் வேறு என்று பிரித்ததே மடமை. அந்த மடமையைப் போக்கும் சவுக்காரம் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதை நாமே காய்ச்ச வேண்டும். உடுத்துகிறவரே வெளுக்கட்டும், வெளுத்தவரும் உடுத்தட்டும்!